கொற்கை: ஆறு நகர்த்திய துறைமுகம்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அருகே, தாமிரபரணிக்கு வடக்கே, வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவில் இருக்கும் சிற்றூர் கொற்கை. இன்று இங்கிருந்து கடற்கரைக்குப் போக ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே நடக்க வேண்டும். அலையோசை கேட்காது, உப்புக்காற்றும் அவ்வளவாக எட்டாது. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாண்டிய நாட்டின் தலைமைத் துறைமுகம் இதுதான். சங்கப் புலவர்கள் இதைக் கடற்கரை ஊராகவே பாடினார்கள். கிரேக்க மாலுமிகள் கொல்கொய் என்று எழுதி வைத்தார்கள். கடலோரத்தில் இருந்த ஊர் உள்நாட்டுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அதை வாழவைத்த அதே ஆறு. கொற்கையின் வரலாற்றை அதன் நிலவியலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

பொருநை என்று பழம்பாடல்கள் சொல்லும் தாமிரபரணி, பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. நீளத்தில் சிறிய ஆறுதான். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இதற்கு நீர் தருகின்றன. அதனால் தென்தமிழகத்தின் மற்ற ஆறுகளைப் போல ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்காமல் நீரோடு ஓடுகிறது. அந்த நீரோடு மலையின் வண்டலும் இறங்கி வருகிறது. மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரை ஆழமில்லாதது. ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடுவது அரிது. வலிமையான ஓதம் உள்ள கடலாக இருந்தால் ஆறு கொண்டுவந்த மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். இங்கே அது நடக்கவில்லை. மண் முகத்துவாரத்திலேயே படிந்தது, திட்டாயிற்று, திட்டுகள் சேர்ந்து கழிமுகச் சமவெளியாயின. கடல் பின்வாங்கியது என்று ஊரார் சொல்வது வழக்கம். பெரும்பாலும் நடந்தது, நிலம் முன்னேறியது.

கொற்கையில் துறைமுகம் அமைந்ததற்கு ஆற்று முகத்துவாரம் ஒரு காரணம் என்றால், கடலுக்குள் இருந்த முத்துச் சிப்பி இன்னொரு காரணம். கரையிலிருந்து சற்றுத் தொலைவில், பத்து முதல் இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில், பாறைப் பாங்கான மேடுகள் கடலடியில் உண்டு. கடலோடிகள் அவற்றைப் பார் என்பார்கள். முத்துச் சிப்பி கூட்டங்கூட்டமாகப் பற்றி வளர்வது இந்தப் பார்களில்தான். எல்லா ஆண்டும் சிப்பி கிடைப்பதில்லை. பாரில் குஞ்சு பிடித்து, சில ஆண்டுகள் கலையாமல் வளர்ந்தால்தான் முத்து தேறும். நீரோட்டம் மாறினாலோ, மணல் மூடினாலோ, மீன்கள் தின்றுவிட்டாலோ பார் வெறுமையாகிவிடும். பல பத்தாண்டுகள் குளிப்பே நடக்காமல் போன காலங்களும் உண்டு. ஆகவே முத்தை மட்டும் நம்பி ஒரு நகரம் நிலைத்திருக்க முடியாது. கொற்கைக்குச் சங்கு இருந்தது, மீன் இருந்தது, உப்பு இருந்தது, பின்னால் ஆற்றங்கரை முழுவதும் நெல் விளைந்தது. முத்தின் புகழ் மற்றவற்றை மறைத்துவிட்டதால் இவை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

இந்த ஆற்றங்கரையில் மக்கள் குடியேறிய காலம் சங்க காலத்துக்கு மிக முந்தையது. கொற்கைக்கு மேற்கே, தென்கரையில், ஆதிச்சநல்லூரின் பரந்த தாழிக்காடு இருக்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோரும், அந்நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீயும் அங்கே அகழ்ந்து இரும்புக் கருவிகளையும் வெண்கலப் பொருள்களையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் எடுத்தார்கள். வடகரையில் சிவகளையில் தாழி ஒன்றுக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் கணிக்கப்பட்டது. மேலே வேளாண்மையும் உலோகத் தொழிலும் கொண்ட ஊர்கள், கீழே கடல் வாசல்: இந்த அமைப்பில்தான் கொற்கை வளர்ந்தது.

சங்கப் பாடல்களில் கொற்கை வெறும் பெயராக வந்து போவதில்லை. மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைக் கொற்கையோர் விரும்பும் தலைவன் என்று போற்றும் இடத்தில், முதிர்ந்து விளைந்த முத்தையும், சங்கு வளையல் அறுப்போர் வாழ்ந்த சேரியையும், கள் உண்டு மகிழும் பாக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. அகநானூற்றுப் பாடல் ஒன்றில், அலை ஒதுக்கிய முத்துக்கள் கரையில் கிடந்து, ஓடும் குதிரைகளின் குளம்பில் உறுத்துகின்றன. இது புலவரின் மிகைதான். முத்து இப்படிக் கரையொதுங்குவதில்லை. ஆனால் இன்னொரு பாடலில் வரும் காட்சியில் மிகை இல்லை: சுறா திரியும் கடலில் மூழ்கி வலம்புரிச் சங்கு எடுத்த பரதவர், சங்கை ஊதிக்கொண்டு திமிலில் கரைக்குத் திரும்புகிறார்கள், ஊரே ஆரவாரத்தோடு எதிர்கொள்கிறது. போனவர்கள் எல்லோரும் திரும்புவது உறுதியில்லாத தொழிலில் இந்த ஆரவாரத்தின் பொருள் விளங்கும்.

சிலப்பதிகாரம் காட்டும் கொற்கை வேறு வகை. மதுரையில் நெடுஞ்செழியன் இறந்தபின், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழா எடுத்ததாக அக்காப்பியம் கூறுகிறது. இதன் வரலாற்று உண்மை எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால் அரசகுலத்தைச் சேர்ந்தவர் ஒருவர் கொற்கையில் இருந்து ஆள்வது அக்காலக் கேட்போருக்கு இயல்பாகத் தெரிந்திருக்கிறது. கொற்கையில் இன்றும் வெற்றிவேல் செழிய நங்கை என்ற பெயரில் அம்மன் கோயில் இருக்கிறது. அருகிலுள்ள அக்கசாலை என்ற இடமும், அங்குள்ள அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிலும் பாண்டியரின் காசு அடிக்கும் சாலை இங்கே இயங்கியதைக் குறிப்பதாக, 1870களில் இங்கே தோண்டிப் பார்த்த கால்டுவெல் முதல் பலரும் கருதினார்கள். சேர, சோழ, பாண்டியர் மூவரும் உடன்பிறந்தாராய் முதலில் கொற்கையில் ஒன்றாக வாழ்ந்தனர் என்ற கர்ணபரம்பரைக் கதையையும் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார்.

வடநாட்டு நூல்களிலும் இக்கடலின் முத்து இடம் பெற்றது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை விளையும் இடம் சொல்லி வரிசைப்படுத்தும்போது தாம்ரபர்ணிகம் என்பதை முதலிலும், பாண்டிய கவாடகம் என்பதை அடுத்தும் வைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூலான பெரிப்ளூஸ், குமரிக்கு அப்பால் கொல்கொய் வரை நிலம் நீள்வதையும், அங்கே முத்துக்குளிப்பு நடப்பதையும், அது பாண்டியருக்கு உரியது என்பதையும், குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்பதையும் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி கொல்கொயை வணிக நகரமாகக் குறித்து, அருகிலுள்ள வளைகுடாவையும் அதன் பெயராலேயே அழைத்தார். ஒரு கடற்பரப்பே ஊரின் பெயரால் அறியப்பட்டிருக்கிறது.

கைதிகள் முத்துக் குளித்தார்கள் என்ற செய்தி சங்கப் பாடல்களோடு ஒட்டவில்லை. அங்கே மூழ்குபவர்கள் பரதவர். தங்கள் தொழிலைத் தாங்களே செய்பவர்கள். பெரிப்ளூஸை எழுதியவர் மேற்குக் கரையை நேரில் கண்டவர் போல எழுதுகிறார்; குமரிக்குக் கிழக்கே அவருடைய விவரங்கள் சுருங்கிவிடுகின்றன, கேட்டு எழுதிய தன்மை தெரிகிறது. கைதிகளைப் பயன்படுத்தியிருக்கலாம் என்றாலும், மூச்சடக்கி மூழ்கும் திறன் சிறுவயது முதல் பழகி வருவது. பயிற்சி இல்லாத கைதிகளை மட்டும் வைத்து இத்தொழிலை நடத்தியிருக்க முடியாது. பரதவரின் சாட்சியமே இதில் வலுவானது.

அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் கிடைத்த அளவுக்கு ரோமானியப் பொருள்கள் கொற்கையில் கிடைக்கவில்லை. இதைக் கொண்டு கொற்கையின் வணிகத்தைக் குறைத்து மதிப்பிடுவது பிழை. மன்னார் வளைகுடா வடக்கே ஆதம் பாலத்தின் மணல் திட்டுகளால் ஏறக்குறைய அடைபட்ட கடல். எகிப்திலிருந்து வந்த பெரிய கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து மேற்குக் கரையில் முசிறிக்கும் நெல்கிண்டாவுக்கும் வந்து, சரக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த காற்றில் திரும்பின. நெல்கிண்டா பாண்டியருக்கு உரியது என்று பெரிப்ளூஸே சொல்கிறது. அந்தத் துறைகளின் ஏற்றுமதிப் பட்டியலில் மிளகோடு உயர்ந்த முத்தும் இருக்கிறது. ஆக, கொற்கையின் முத்து சிறு கலங்களில் குமரியைச் சுற்றியோ, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகத் தரைவழியிலோ மேற்குக் கரைக்குப் போய் ரோமாபுரிக்குக் கப்பலேறியிருக்க வேண்டும். விளையும் துறையும் ஏற்றும் துறையும் ஒரே அரசரின் கையில் இருந்தது பாண்டியரின் பெரும் பலம். ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்குப் பாண்டிய மன்னர் தூதும் பரிசும் அனுப்பியதாக ஸ்ட்ராபோ எழுதியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் வெளியேறுகிறதே என்று பிளினி வருந்திய காலமும் இதுதான்.

கொற்கை எந்த ஆண்டில் துறைமுகமாக இருப்பதை நிறுத்தியது என்று கேட்பதற்கு இடமில்லை. படையெடுப்பிலோ தீயிலோ அழிந்த நகரம் இல்லை இது. முகத்துவாரம் தள்ளிப் போகப் போக, முதலில் பெரிய கலங்கள் ஊருக்கு வெளியே நின்றிருக்கும். பிறகு சிறு தோணிகளும் வருவது நின்றிருக்கும். வணிகர்கள் ஆற்றோடு கீழே இறங்கினார்கள். ஊர் பெயரோடும் கோயிலோடும் தங்கிவிட்டது. பாண்டியர்களும் கொற்கை வேந்தர் என்ற பெருமையைப் பின்னாளிலும் விடவில்லை.

அடுத்த துறை காயல். கால்டுவெல் அதைப் பழையகாயல் என்று அடையாளம் கண்டார். ஆற்றுக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினத்தைச் சொல்வோரும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன், அரேபியா ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளும் பிற சரக்கும் ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் தொடும் பெருநகரம் என்று காயலை வருணித்தார். முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலம் அது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், மாபார் என்று அராபியர் அழைத்த இந்நாட்டுத் துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை வைக்கப்பட்டதாகவும் எழுதினார். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை இந்தத் தட்பவெப்பத்துக்கும் தவறான தீவனத்துக்கும் ஆளாகி இறந்தன. அதனால் ஆண்டுதோறும் மீண்டும் வாங்க வேண்டியிருந்தது. கொற்கை காலத்தில் முத்துக்கு ஈடாகப் பொன் உள்ளே வந்தது. காயல் காலத்தில் பாண்டியரின் செல்வத்தில் பெரும்பங்கு குதிரைக்காக வெளியே போனது.

முத்துக்குளிப்பைப் பற்றி மார்க்கோ போலோ விட்டுச்சென்ற விவரம் மிகத் துல்லியமானது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடு வரை குளிப்பு நடக்கும். வடகிழக்குக் காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று வலுப்பதற்கு முன், கடல் தெளிந்து அடங்கியிருக்கும் இடைக்காலம் அது. வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து பெரிய கலங்களை நிறுத்திச் சிறு படகுகளில் ஆட்களை அனுப்புவார்கள். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசருக்கு. சுறா அண்டாமல் மந்திரித்துக் கட்டும் பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே செல்லும். இரவில் அவிழ்த்துவிடுவார்கள், திருட்டுத்தனமாக யாரும் மூழ்கிச் சிப்பி எடுக்கக்கூடாது என்பதற்காக. நம்பிக்கையைக் காவலாகவும் பயன்படுத்திய ஏற்பாடு இது. கடல்கட்டி என்ற பெயரில் இந்தப் பணி ஆங்கிலேயர் காலம் வரை நீடித்தது. அப்போது அதைச் செய்தவர் கத்தோலிக்கராகவும் இருந்திருக்கிறார். மதம் மாறியபின்னும் சுறா மீதான அச்சம் மாறவில்லை.

குளிக்கும் முறையும் நூற்றாண்டுகள் தாண்டி பெரிதாக மாறாமல் இருந்தது. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து நின்றால் அதன் கனம் ஆளை நேரே பாருக்கு இறக்கிவிடும். இறங்கியதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். குளியாளி ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாகக் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பெயர்த்து வலைப்பையில் போட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே கயிறு பிடித்திருப்பவர் தூக்கிவிடுவார். உயிர் அந்தக் கயிறு பிடிப்பவரின் கவனத்தில் இருந்தது. ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் இளைப்பாறும்போது மற்றவர் இறங்குவார். கரைக்கு வந்த சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, நாற்றம் குடலைப் பிடுங்கும் நிலையில் கழுவி அலசி முத்தைப் பிரிப்பார்கள். துளைகளின் அளவு படிப்படியாகக் குறையும் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்தார்கள். உருண்டு திரண்டு ஒளி குறையாத முதல்தரம் ஆணிமுத்து. ஆங்கிலேய அரசு நடத்திய குளிப்புகளில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கு. மார்க்கோ போலோ சொன்ன பத்தில் ஒரு பங்கோடு இதை ஒப்பிட்டால் அரசின் பிடி எவ்வளவு இறுகிவிட்டது என்பது தெரியும்.

காயலுக்கு 15ஆம் நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹேயின் கலங்களும் வந்தன. ஆனால் கொற்கைக்கு நேர்ந்தது காயலுக்கும் நேர்ந்தது. வண்டல் மூடிய பழையகாயல் இன்று கடலை விட்டு உள்ளே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தபோது ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல் தலையெடுத்தது. முத்துக்குளிப்பின் உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட மோதலில் பரதவர்கள் போர்த்துகீசியரின் துணையை நாடி, 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் புன்னைக்காயலை மையமாகக் கொண்டு பல்லாண்டு பணியாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழ் கற்று, 1578இல் அச்சான தம்பிரான் வணக்கத்தையும் 1586இல் அச்சான அடியார் வரலாற்றையும் ஆக்கினார். தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் தாமிரபரணி முகத்துவாரத்துக்கும் இடம் உண்டு.

ஆற்று வாயில் அமைந்த எந்தத் துறையும் மண்ணிலிருந்து தப்பவில்லை. ஆற்றை விட்டு வடக்கே விலகி, முயல் தீவின் மறைவில் அமைந்த தூத்துக்குடிதான் தப்பியது. போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தனர். 1825இல் அது ஆங்கிலேயர் வசம் நிலையாக வந்தது. அங்கும் கடல் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியது இத்துறையில்தான். கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் எழுப்பிக் கட்டிய புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. முத்தோ அதற்குள் முடிந்துபோயிருந்தது. 1955இல் தொடங்கி 1961 வரை நடந்த குளிப்புகளோடு தூத்துக்குடிப் பார்களில் பெரிய அளவிலான முத்தெடுப்பு நின்றுவிட்டது.

கொற்கை மீண்டும் நினைவுக்கு வந்தது கால்டுவெல்லால். இடையன்குடியில் வாழ்ந்த அவர் 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்தார்; கொல்கொய் இதுவே என்று நிறுவினார்; காயலில் சீன, அராபியப் பீங்கான் ஓடுகளைப் பொறுக்கினார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் முறையான அகழாய்வு நடத்தியது. கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், அறுத்த சங்குத் துண்டுகள் வெளிவந்தன. கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணக்கிடப்பட்டது. இருபுறமும் ஏறத்தாழ 95 ஆண்டு வேறுபாடு கொள்ளத்தக்கது. இந்த ஆண்டைக் கொண்டு அப்போதே இங்கு பன்னாட்டுத் துறைமுகம் இருந்தது என்று எழுதுவோர் உண்டு. ஒரு கரித்துண்டு காட்டுவது அங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதை மட்டுமே. 2021இல் மீண்டும் நடந்த அகழாய்வில் செங்கல் கட்டுமானமும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய சுடுமண் குழாய்களும், வட இந்தியாவின் கருப்பு மெருகேறிய ஓடுகளும் கிடைத்தபின் சான்று வலுப்பெற்றது. கி.மு. 8 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலேயே கொற்கை முக்கியத் துறையாக இருந்தது என்ற முடிவுக்குத் தமிழ்நாடு அரசு வந்தது; கொற்கைக்கு எதிரேயுள்ள கடலடியில் ஆய்வு செய்யும் திட்டத்தையும் அறிவித்தது.

கடலடி ஆய்வு தேவைதான்; மூழ்கிய கலங்களும் உதிர்ந்த சரக்கும் அங்கே இருக்கலாம். ஆனால் கொற்கையின் படகுத்துறையைத் தேடுவதற்கு உரிய இடம் வேறு. இரண்டாயிரம் ஆண்டுகளில் கரை கிழக்கே நகர்ந்திருக்கிறது என்றால், பழைய கரையும் கலங்கள் நின்ற கழியும் இன்றைய ஊருக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வயல்களின் அடியில், ஆறு கொட்டிய வண்டலுக்குக் கீழே இருக்க வேண்டும். கொற்கை, அக்கசாலை, மாறமங்கலம் என்று இன்று தனித்தனி ஊர்களாக இருப்பவை ஒரே நகரத்தின் பகுதிகளாக இருந்தவை என்று கால்டுவெல் கருதினார். அகழாய்வுக் குழிகள் பெரும்பாலும் இன்றைய ஊரை ஒட்டியே போடப்பட்டுள்ளன. கிழக்கே வரிசையாகத் துளையிட்டு, எந்த ஆழத்தில் ஆற்று வண்டல் முடிந்து கடற்சிப்பி கலந்த மணல் தொடங்குகிறது என்று கண்டறிந்தால் பழைய கரைக்கோட்டை வரைந்துவிடலாம். அந்தக் கோடு கிடைத்த பிறகே துறை இருந்த இடத்தில் குழி வெட்ட முடியும்.